தாத்தாவின் பாக்கெட் வாட்ச்: ஓட வைக்கலாமா, கைக்கடிகாரமாக மாற்றலாமா?

பீரோவில் தாத்தாவின் பாக்கெட் வாட்ச் கிடைத்திருக்கிறது. சாவி முழுக்க ஏறியிருக்கிறது. ஆட்டினால் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றுவிடுகிறது. ரிப்பேர் செய்து தம்பி கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளலாமா? இல்லை, உள்ளே இருப்பதை எடுத்துக் கைக்கடிகாரமாக மாற்றித் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் கொடுத்துவிடலாமா? கேள்வி இவ்வளவுதான். மாற்ற வேண்டாம். ரிப்பேர் செய்யலாம், கல்யாணத்துக்கும் அணியலாம். ஆனால் இன்றிலிருந்து அதை ஆட்டி ஆட்டிப் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். எண்ணெய் காய்ந்த வாட்சை ஓட்டினால் அச்சு முனைகள் தேயும். தேய்ந்த முனைக்குச் சர்வீஸ் போதாது, பாகத்தையே மாற்ற வேண்டி வரும்.

ஏன் மாற்றக் கூடாது என்பதற்குக் காரணம் அந்த இயந்திரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பாக்கெட் வாட்ச் பகல் முழுக்க ஒரே நிலையில், சாவி கொடுக்கும் குமிழ் மேலே, டயல் செங்குத்தாக, பையில் நிற்பதற்காகச் செய்யப்பட்டது. இரவில் மேசையில் மல்லாந்து கிடக்கும். அதன் வாழ்க்கையே இந்த இரண்டு நிலைதான். கைக்கடிகாரமோ கை போகிற போக்கில் எல்லாத் திசையிலும் புரளும். முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தில் ஒரு பக்கம் இம்மி எடை கூடியிருந்தால் போதும், செங்குத்தாக நிற்கும்போது புவியீர்ப்பு அதை இழுத்து நேரத்தைக் கெடுக்கும். பிரெகே என்ற கடிகாரக்காரர் 1801-ல் காப்புரிமை பெற்ற டூர்பியோன் இந்தக் குறைக்குத்தான் மருந்து: பேலன்ஸையும் அதைச் சேர்ந்த பாகங்களையும் ஒரு கூண்டில் வைத்து, அந்தக் கூண்டையே சுழல விட்டால் செங்குத்து நிலைப் பிழைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். பையிலேயே நிற்கும் வாட்சுக்கு அது அர்த்தமுள்ள ஏற்பாடு. இன்று லட்சங்களில் விற்கும் டூர்பியோன் கைக்கடிகாரத்தில் அது பெரும்பாலும் பார்வைக்குத்தான்.

அக்காலத்து நல்ல பாக்கெட் வாட்சுகள் ஆச்சரியமான துல்லியத்தைக் காட்டின. அமெரிக்காவில் 1891-ல் ஓஹியோ மாநிலத்தின் கிப்டனில் நடந்த ரயில் மோதலுக்குப் பிறகு, வெப் பால் என்ற கடிகாரக்காரர் ரயில்வே வாட்சுகளைச் சோதிக்கும் முறையை உருவாக்கினார். அதையொட்டி நிலைபெற்ற தரத்தின்படி வாரத்துக்கு 30 வினாடிக்கு மேல் பிசகக் கூடாது, குறைந்தது 17 கல் (அச்சு முனைகளைத் தாங்கும் மாணிக்கக் கற்கள்), ஐந்து நிலைகளில் சரிசெய்திருக்க வேண்டும், மூடியில்லாத முகம், குமிழ் 12 மணிக்கு நேரே. பேட்டரி இல்லாத இயந்திரத்துக்கு வாரம் 30 வினாடி என்பது இன்றும் மதிக்கத்தக்க கணக்கு.

இனி உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். டயலில் சின்ன நொடி வட்டம் 6 மணியில் இருக்கும். குமிழ் 12 மணிக்கு மேலே இருந்தால் அது திறந்த முக வகை. முன்னால் உலோக மூடி இருந்து, குமிழ் 3 மணிப் பக்கம் இருந்தால் அது ஹண்டர் வகை. இரண்டிலும் சக்கரங்களின் அடுக்கே வேறு: முதல் வகையில் குமிழின் தண்டும் நொடிச் சக்கரமும் ஒரே கோட்டில் வரும், இரண்டாவதில் செங்கோணத்தில் வரும். முன் மூடி இல்லாமலேயே குமிழ் 3 மணியில் இருக்கிறதென்றால், ஹண்டர் இயந்திரத்தைப் பின்னாளில் யாரோ வேறு கூட்டில் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். நேரம் காட்டுவதில் குறையில்லை. விற்கிறவர் ‘ஒரிஜினல்’ என்று விலை சொன்னால் மட்டும் இது ஞாபகம் இருக்கட்டும். ஹண்டர் மூடியை ‘டக்’கென்று அடித்து மூடக் கூடாது. குமிழை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூடியை இறக்கி, பிறகு குமிழை விடுங்கள். அடித்து மூடியே பூட்டு நாக்கு தேய்ந்த வாட்சுகள் ஏராளம்.

பின்மூடியைத் திறந்ததும் பலவற்றில் உள்ளே இன்னொரு மெல்லிய மூடி இருக்கும். சுவிஸ் வாட்ச் என்றால் அதில் பிரெஞ்சு மொழியில் வரிகள் பொறித்திருக்கும். படிக்கத் தெரிந்தால் பாதி விஷயம் அங்கேயே கிடைத்துவிடும். ‘ஆங்க்ர்’ என்றிருந்தால் லீவர் வகை, அதாவது சக்கரங்களை ஒரு சின்ன நெம்பு பல் பல்லாக விடும் வகை. செலவு செய்யத் தகுந்தது. ‘சிலிந்த்ர்’ என்றிருந்தால் பழைய சிலிண்டர் வகை. நாளுக்குச் சில நிமிடம் முன்பின் போவது அதன் இயல்பு, சிலிண்டர் உடைந்திருந்தால் மாற்றுப் பாகம் கிடைப்பது மிகக் கடினம். ‘ருபி’க்கு முன்னால் உள்ள எண் கற்களின் எண்ணிக்கை: 15 நல்லது, 8 அல்லது 10 சாதாரணம். ‘ரெமோந்துவார்’ என்றால் தனிச் சாவி இல்லாமல் குமிழாலேயே சாவி கொடுக்கும் வகை. பின்பக்கம் நீராவி எஞ்சின் படம் பொறித்திருந்தால் அதை ரயில்வே வாட்ச் என்று நம்பிவிட வேண்டாம். ராஸ்காப் என்ற கடிகாரக்காரர் 1867 வாக்கில் கொண்டுவந்த மலிவு ரகத்தையும் அதன் நகல்களையும் அந்த அலங்காரத்தோடு ஏராளமாக விற்றார்கள். கல்லுக்குப் பதில் எஃகுக் குச்சிகள் வைத்த ரகம் அது. உண்மையில் ரயில்வே கொடுத்த வாட்சில் பெரும்பாலும் கம்பெனியின் முதலெழுத்துகளும் ஒரு வரிசை எண்ணும் வெட்டியிருக்கும்.

திறப்பதிலும் வகை உண்டு. மூடி விளிம்பில் நகம் நுழையும் சின்ன உதடு தெரிந்தால் அது கீல் வைத்த அமுக்கு மூடி. உதடும் கீலும் இல்லையென்றால் திருகு மூடியாக இருக்கலாம். உள்ளங்கையில் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு இடப்புறமாகத் திருப்புங்கள். பின்னால் எந்த மூடியுமே இல்லாத கூடுகளும் உண்டு; அவற்றில் முன்கண்ணாடி வளையத்தைக் கழற்றி, குமிழை வெளியே இழுத்து, 6 மணிப் பக்கத்தில் தூக்கினால் இயந்திரம் கதவு மாதிரி திறந்து வரும். கத்தியை நுழைத்து நெம்பிய வாட்சை எந்த ரிப்பேர்காரரும் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்.

நேரம் வைக்கும்போது குமிழ் வெளியே வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். குமிழுக்குப் பக்கத்தில் கூட்டில் சின்னப் பொத்தான் தெரிந்தால் அதை நகத்தால் அழுத்தியபடி குமிழைத் திருப்ப வேண்டும். அமெரிக்க ரயில்வே வகையென்றால் முன்கண்ணாடியைக் கழற்றி, டயல் விளிம்பில் 1, 2 மணிக்கிடையே ஒளிந்திருக்கும் மெல்லிய நெம்பை இழுத்தால்தான் முள் நகரும். பையிலிருந்து எடுக்கும்போது தெரியாமல் நேரம் மாறிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

‘சாவி அதிகமாகக் கொடுத்துவிட்டோம், அதனால்தான் நின்றுவிட்டது’ என்று வீடுகளில் சொல்வார்கள். அப்படி ஒரு நோயே இல்லை. சாவி முழுக்க ஏறியும் ஓடவில்லை என்றால், ஸ்பிரிங்கின் பலம் பேலன்ஸ் வரை போய்ச் சேரவில்லை என்று பொருள். காய்ந்த எண்ணெய், தூசி, உடைந்த அச்சு என்று காரணம் வேறெங்கோ இருக்கிறது. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். டயல் மேலே பார்க்க ஐந்து நிமிடம், கீழே பார்க்க ஐந்து நிமிடம், குமிழ் மேலே இருக்க ஐந்து நிமிடம் என்று வைத்துப் பாருங்கள். எல்லா நிலையிலும் ஒரே மாதிரி தளர்ந்து நின்றால் அழுக்கு. ஒரு நிலையில் நன்றாக ஓடி, திருப்பி வைத்தவுடன் நின்றால் பேலன்ஸ் அச்சின் ஒரு முனை ஒடிந்திருக்கலாம். அந்த முனையின் பருமன் சுமார் 0.1 மி.மீ. தான். பழைய பாக்கெட் வாட்சுகளில் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு கிடையாது; இடுப்பு உயரத்திலிருந்து ஒரு முறை விழுந்தால் போதும். நாளுக்கு ஐந்து, பத்து நிமிடம் வேகமாக ஓடினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது காந்தம். செல்போன் ஸ்பீக்கர், போன் உறையின் காந்தப் பூட்டு, கைப்பையின் பட்டன் எல்லாமே ஹேர் ஸ்பிரிங்கில், அதாவது பேலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருளில், காந்தம் ஏற்றும். சுருள்கள் ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங் நீளம் குறைந்த மாதிரி ஆகி வேகம் எகிறும். ஓடுகிற வாட்சின் பின்பக்கம், பேலன்ஸுக்கு நேர் மேலே, சின்ன ஊசித் திசைகாட்டியை வையுங்கள். பேலன்ஸ் ஆடுகிற தாளத்துக்கு ஊசியும் நடுங்கினால் காந்தம் ஏறியிருக்கிறது. நீக்கும் கருவி எல்லா நல்ல கடைகளிலும் உண்டு; ஒரு நிமிட வேலை.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ஆளைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். ‘முழுசாகப் பிரித்துச் செய்வீர்களா?’ என்று கேளுங்கள். டயலையும் முள்ளையும் மட்டும் கழற்றிவிட்டு, இயந்திரத்தை அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து, காற்றடித்து, நாலு சொட்டு எண்ணெய் விட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு மாதம் ஓடும். அழுக்கு கரைந்து கல் துளைகளுக்குள்ளேயே படிந்து மறுபடி நிற்கும். முறையான வேலையில் முதலில், சாவி கொடுத்தால் இறுகும் மெயின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை இறக்குவார்கள். இறக்காமல் பிரித்தால் சக்கரங்கள் கட்டுக்கடங்காமல் சுழன்று பல் ஒடியும். பிறகு ஒவ்வொரு பாகமாகக் கழுவி, கல் துளைகளை மரக்குச்சி முனையால் துடைத்து, வேகமாகச் சுழலும் முனைகளுக்கு நீர்த்த எண்ணெயும், மெதுவாக நகரும் இடங்களுக்குக் கெட்டியான எண்ணெயும் வைப்பார்கள். சக்கரப் பற்களுக்கு எண்ணெயே கூடாது. தையல் மெஷின் எண்ணெய் பரவிப் போய் ஹேர் ஸ்பிரிங்கை ஒட்ட வைத்துவிடும். இன்னொன்று, லீவரின் இரண்டு சிவப்புக் கற்களும் அரக்கால் ஒட்டியவை. ஸ்பிரிட்டில் ஊறப் போட்டால் அரக்கு கரைந்து கற்கள் நகர்ந்துவிடும்.

மெயின் ஸ்பிரிங்கை வெளியே எடுத்தவுடன் காட்டச் சொல்லுங்கள். நல்ல ஸ்பிரிங் விரிந்து கிடக்கும். பலமிழந்த பழைய நீல எஃகு ஸ்பிரிங், அது இருந்த பெட்டியின் அளவுக்கே சுருண்டு கிடக்கும். மாற்றும்போது அகலம், தடிமன், நீளம் மூன்றும் பொருந்த வேண்டும். ‘கொஞ்சம் பலமானதாகப் போட்டுவிட்டேன், நல்லா ஓடும்’ என்று சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். பேலன்ஸ் அளவுக்கு மீறிச் சுழன்று, அதன் கல் லீவரின் வெளிப்பக்கத்தில் மோதும். குதிரைக் குளம்பு மாதிரி சத்தம் கேட்கும், நேரம் தாறுமாறாக ஏறும்.

வேலை முடிந்ததும் டைம்கிராபரில் (டிக் சத்தத்தைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவி) மூன்று நிலைகளிலாவது காட்டச் சொல்லுங்கள்: டயல் மேலே, டயல் கீழே, குமிழ் மேலே. பெரும்பாலான பாக்கெட் வாட்சுகள் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது வினாடிக்கு 5. லீவர் வாட்சில் முழுச் சாவியில் டயல் மேலே இருக்கும்போது பேலன்ஸின் வீச்சு 250 பாகைக்கு மேல் வந்தால் ஆரோக்கியம். செங்குத்தாக வைத்ததும் 20 முதல் 40 பாகை இறங்குவது இயல்பு. 200-க்குக் கீழே என்றால் எங்கோ உராய்வு மிச்சமிருக்கிறது. உங்களுக்கு முக்கியம் மூன்றாவது நிலை, ஏனென்றால் பையில் அது அப்படித்தான் இருக்கும்.

வீட்டில் நேரத்தைத் திருத்த வேண்டுமென்றால், பேலன்ஸின் மேல்பாலத்தில் ஒரு முனை நீண்ட சின்னக் கம்பி தெரியும். சுவிஸ் வாட்சில் இரு பக்கமும் A, R என்று இருக்கும்: A பக்கம் தள்ளினால் வேகம், R பக்கம் தள்ளினால் தாமதம். ஆங்கில, அமெரிக்க வாட்சுகளில் அதுவே F, S. முடியளவு நகர்த்தினாலே நாளுக்குச் சில நிமிடம் மாறிவிடும். நகர்த்தி 24 மணி நேரம் விட்டுப் பார்த்து, அடுத்த நாள் அதே நேரத்தில் ஒப்பிடுங்கள். ஸ்குரூடிரைவரால் மட்டும் தொடாதீர்கள், வழுக்கினால் ஹேர் ஸ்பிரிங் போச்சு. பல்குத்தும் மரக்குச்சி போதும். சாவி தினமும் காலையில், ஒரே நேரத்தில், இறுகி நிற்கும் வரை கொடுங்கள். ஒரு சாவிக்கு 30 முதல் 40 மணி நேரம் ஓடும் என்றாலும், பகல் முழுக்க ஸ்பிரிங் பலமாக இருக்கும்போதுதான் நடையின் அதிர்வை வாட்ச் சமாளிக்கும்.

எண்களிலும் முட்களிலும் பழுப்பேறிய பூச்சு இருந்தால் கண்ணாடியைத் திறக்க வேண்டாம். 1910-களிலிருந்து பல பத்தாண்டுகள் இருட்டில் தெரிவதற்காக ரேடியம் பூசினார்கள். ஒளிரும் துத்தநாகச் சேர்மம் செத்துப்போய்விட்டது. ரேடியம்-226-இன் அரை ஆயுளோ சுமார் 1600 ஆண்டுகள். கண்ணாடி மூடியிருக்கும் வரை பெரிய பயமில்லை. சுரண்டினால் வரும் தூசியை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து.

சரி, கல்யாணம். பாக்கெட் வாட்ச் செயினின் ஒரு நுனியில் குறுக்குக் கம்பி இருந்தால் அது ஆல்பர்ட் செயின், விக்டோரியா ராணியின் கணவர் பெயரில் வந்தது. கோட்டுக்குள் வெயிஸ்ட்கோட் போடுகிறவர்கள் அந்தக் கம்பியைப் பையின் உயரத்துக்குச் சரியாக வரும் பட்டன் துளையில் நுழைத்து, செயின் லேசாகத் தொய்ந்து பை வரை போகும்படி விடுவார்கள். நம்மூரில் வெயிஸ்ட்கோட்டை விடக் கழுத்து மூடிய கோட்டுதான் இதற்குப் பொருத்தம். பழைய மெட்ராஸ் புகைப்படங்களில் வக்கீல்களும் மிராசுதார்களும் வேட்டிக்கு மேல் அந்தக் கோட்டைப் போட்டு, பட்டனிலிருந்து மார்புப் பைக்குச் செயினை வளைய விட்டிருப்பதைப் பார்க்கலாம். வரவேற்பில் நீங்களும் அப்படியே செய்யலாம். ஷெர்வானியிலும் இதே முறைதான். கோட்டே இல்லாமல் வேட்டியோடு அணிய முடியுமா என்றால், காந்தி காலமெல்லாம் இடுப்பில் தொங்கவிட்டுத்தான் அணிந்தார். அவருடைய ஜெனித் வாட்ச் 2009-ல் நியூயார்க்கில் ஏலம் போனபோது இந்தியாவில் பெரிய சர்ச்சையே நடந்தது.

சட்டை அல்லது ஜிப்பாவின் மேல்பையில் வைத்தால் ஒரு சிக்கல் உண்டு. குனிந்தால் விழும், கல்யாண வீட்டில் பெரியவர்கள் காலில் விழாமல் இருக்க முடியாது. செயினின் கொக்கியைப் பட்டன் துளையில் மாட்டி, வாட்ச் தரையைத் தொடாத அளவுக்குச் செயினைக் குட்டையாக வையுங்கள். அதே பையில் செல்போன் கூடவே கூடாது. குமிழைச் சுற்றி ரப்பர் வளையம் எதுவும் இல்லாததால் பன்னீர் தெளிக்கிற இடத்தில் வாட்சை உள்ளே தள்ளிவிடுங்கள். கண்ணாடிப் பக்கம் உடம்பை நோக்கி இருந்தால் இடிபடாது, ஆனால் நம் ஊர் வியர்வைக்கு மெல்லிய துணிப்பை ஒன்று அவசியம். ஜீன்ஸில் வலப்பக்கம் இருக்கும் குட்டிப் பை, லீவைஸ் கம்பெனி ஜீன்ஸ் தொடங்கிய காலத்தில் வாட்சுக்காகவே வந்ததுதான். ஆனால் அமெரிக்க 16 சைஸ் வாட்சின் இயந்திரமே 43 மி.மீ., கூட்டோடு 50 வரை வரும். இன்றைய பையில் நுழையாது, நுழைந்தாலும் உட்காரும்போது கண்ணாடி தெறிக்கும். பாக்கெட் வாட்ச் போட்ட அன்றைக்குக் கையில் இன்னொரு வாட்ச் வேண்டாம் என்பது என் கட்சி.

மாற்றுகிற விஷயத்துக்கு வருகிறேன். கம்பிக் கொக்கி பற்றவைத்து வார் கோக்கிறார்கள், அல்லது இயந்திரத்தை மட்டும் எடுத்துப் புது எஃகுக் கூட்டில் போடுகிறார்கள். திறந்த முக வாட்சை அப்படிப் போட்டால் குமிழ் 12 மணியில் நிற்கும். டயலைத் திருப்பிக் குமிழை 3-க்குக் கொண்டுவந்தால் நொடி வட்டம் 9-க்குப் போய்விடும். பார்க்க வித்தியாசமாக இருக்கும், சிலருக்கு அது பிடிக்கவும் செய்யும். ஆனால் அதிர்ச்சி தாங்காத அச்சு மணிக்கட்டில் வந்து உட்காரும். பஸ் கம்பியில் ஒரு இடி போதும். பழைய கூடு வெள்ளியாக இருந்தால் தனியாக உருக்கப் போய்விடும் என்பது இன்னொரு இழப்பு. கூட்டை எடை போடுவதற்கு முன்னால் உள்முத்திரையைப் பாருங்கள்: சுவிஸ் வெள்ளியில் கரடி இருந்தால் 0.875, காட்டுக்கோழி என்றால் 0.800, தங்கத்தில் அணில் 14 காரட், பெண்ணின் தலை 18 காரட். ‘20 வருட உத்தரவாதம்’ என்று பொறித்திருந்தால் அது தங்கத் தகடு போர்த்தியது. முழுத் தங்கத்துக்கு யாரும் வருடக் கணக்கு போட மாட்டார்கள்.

தினசரிக்குப் பழைய கைக்கடிகாரம் வேண்டுமென்றால் தனியாக ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டு வாட்சைப் பெண்களின் நகை என்று ஆண்கள் ஒதுக்கிய காலம் இருந்தது. முதல் உலகப் போரின் பதுங்குகுழியில் ஒரு கை எப்போதும் வேலையாக இருந்ததால் அந்த வெட்கம் போனது. துல்லியத்திலும் குறையில்லை என்று 1914-ல் ஒரு ரோலெக்ஸ் கைக்கடிகாரம் கடிகாரத் துல்லியத்தைச் சோதித்த இங்கிலாந்தின் கியூ ஆய்வகத்தில் ‘ஏ’ வகுப்புச் சான்றிதழ் வாங்கிக் காட்டியது. அச்சைக் காப்பாற்றும் இன்காபிளாக் அமைப்பு 1930-களில் வந்தது. அதனால் பழசு வாங்கினாலும் அதிர்ச்சித் தடுப்பு உள்ளதாகப் பாருங்கள். எச்எம்டி ஜனதாவில்கூட அது உண்டு.

தாத்தாவின் வாட்ச் சர்வீஸாகி வந்த பிறகு இரவில் எப்படி வைப்பது என்பதும் ஒரு கேள்விதான். மல்லாக்க வைத்தால் பகலில் பிசகியதில் கொஞ்சத்தை அது ஈடுகட்டக்கூடும். ஒரு வாரம் குறித்துப் பார்த்தால் உங்கள் வாட்சுக்கு எது ஒத்துவருகிறது என்று தெரிந்துவிடும். தொங்கவிடுவதானால் வெறும் ஆணியில் மாட்டாதீர்கள். பேலன்ஸின் ஆட்டத்துக்கு வாட்சும் சேர்ந்து ஊசலாடும், கண்ணுக்கே தெரியாத அந்த அசைவு நேரத்தை நிமிடக் கணக்கில் மாற்றிவிடும். பின்பக்கம் சாய்ந்து நிற்க மெத்தை வைத்த மரத் தாங்கி வாங்கி, அதில் மாட்டுங்கள்.